எல்லைப்புறக் குதிரைப்படையும் கோவேறு கழுதைகளும்: அமெரிக்க மேற்குப் போர்களில் படையை நகர்த்தியது எது?

வடகரையான்:

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்த பிறகு, அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் அந்நாட்டுக் குதிரைப்படை மிசிசிப்பிக்கு மேற்கே உள்ள சமவெளிகளிலும் பாலைகளிலும் பழங்குடி மக்களோடு போரிட்டது. அந்தப் போர்களைப் பற்றி நாம் வாசிப்பவற்றில் எல்லாம் குதிரைதான் முன்னால் நிற்கிறது. ஊதுகொம்பு முழங்க, வாளை ஓங்கியபடி பாய்ந்து வரும் வீரர்களின் சித்திரம் மனத்தில் பதிந்துவிட்டது. நடைமுறையில் அந்தப் படையினர் நெடும்பயணங்களில் வாளைப் பெரும்பாலும் பாசறையிலேயே விட்டுச் சென்றார்கள், சண்டை என்று வந்ததும் குதிரையை விட்டு இறங்கித் தரையில் நின்று சுட்டார்கள். ஒரு படை எத்தனை நாள் வெளியே இருக்க முடியும், எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைக் குதிரையின் வயிறுதான் தீர்மானித்தது என்பதும், அந்த வயிற்றுக்கு ஓரளவேனும் விடை சொன்ன விலங்கு கோவேறு கழுதைதான் என்பதும் என் கருத்து. இதை இங்கே விரிவாகப் பேச விரும்புகிறேன்.

முதலில் தீவனக் கணக்கு. படைக் குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 14 பவுண்டு வைக்கோலும் 12 பவுண்டு தானியமும் தர வேண்டும் என்பது விதி. கோவேறு கழுதைக்கு வைக்கோல் அதே அளவு, தானியம் 9 பவுண்டு. நம் ஊரில் குதிரைக்குக் கொள்ளு வைப்பதுபோல அங்கே ஓட்ஸ், மக்காச்சோளம் அல்லது பார்லி. புல்வெளியில் வைக்கோலைத் தவிர்த்துவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும், 600 குதிரைகள் உள்ள ஒரு படைக்கு நாளொன்றுக்குத் தானியம் மட்டும் 7,200 பவுண்டு. முப்பது நாள் பயணத்துக்கு 2,16,000 பவுண்டு. ஆறு கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டி ஒன்று, பாதையே இல்லாத நிலத்தில் ஏறத்தாழ 3,000 பவுண்டு கொண்டு போகும் என்றால், 72 வண்டிகள் வேண்டும். அவற்றை இழுக்க 432 கழுதைகள். அந்தக் கழுதைகளுக்கே நாளொன்றுக்கு 3,888 பவுண்டு தானியம். அதைச் சுமக்க மேலும் வண்டிகள், அவற்றுக்கு மேலும் கழுதைகள். படைவீரர்களின் உணவையும் தோட்டாக்களையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வண்டியை நம்பினால் படை வண்டியின் வேகத்தில்தான் போகும்; வண்டி போகும் நிலத்தில்தான் போகும். வண்டியை விட்டுவிட்டுப் போனால் சில நாள்களிலேயே குதிரை தளர்ந்துவிடும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் என்று நான் கருதுவது ஜெனரல் ஜார்ஜ் குரூக்கை. வண்டிகளைத் தளத்திலேயே நிறுத்திவிட்டு, பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளை மட்டுமே அழைத்துச் செல்லும் முறையை 1870-களில் அரிசோனாவில் அவர் ஒரு தனிக் கலையாகவே வளர்த்தெடுத்தார். அவரே ஏறிச் சென்ற விலங்கும் குதிரையன்று, ‘அப்பாச்சி’ என்று பெயரிட்ட கோவேறு கழுதை. நண்பர்களின் கருத்தை அறிய ஆவலாக இருக்கிறேன்.

---

முல்லைத்திணை:

வடகரையான் ஐயா, தீவனக் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. அதே சமவெளியில் லகோட்டா, செயென், கோமான்சி மக்களும் குதிரை மேல்தான் வாழ்ந்தார்கள். அவர்களிடம் தானிய வண்டியும் இல்லை, பொதி வரிசையும் இல்லை. படை துரத்தும்போது பெண்களையும் குழந்தைகளையும் கூடாரங்களையும் அழைத்துக்கொண்டே அவர்கள் தப்பிச் சென்றார்கள். அவர்களுடைய குதிரைகளால் முடிந்தது படைக் குதிரைகளால் ஏன் முடியவில்லை?

---

ஏடகம்:

முல்லைத்திணையின் கேள்விதான் இந்தப் போர்களின் மையக் கேள்வி என்று நினைக்கிறேன். அதனால் சற்று நீட்டியே விடை எழுதுகிறேன்.

சமவெளி மக்களின் குதிரைகள் ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள். பல தலைமுறைகளாகப் புல்லை மட்டுமே மேய்ந்து, அந்தத் தட்பவெப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவை. படைக் குதிரைகள் அப்படியல்ல. மிசூரி, கென்டக்கி போன்ற பண்ணை மாநிலங்களில் லாயத்தில் தானியம் தின்று வளர்ந்த, பதினைந்து முதல் பதினாறு கை (ஒரு கை நான்கு அங்குலம்) உயரமும் ஆயிரம் பவுண்டு எடையும் உள்ள பெரிய விலங்குகள். அந்த உடலோடு, ஒரு வீரனையும் சேணத்தையும் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் சேர்த்து இருநூறு பவுண்டுக்கும் மேற்பட்ட சுமையை நாள்தோறும் 20, 25 மைல் தூக்கிச் சென்றுவிட்டு, இரவில் முளையடித்துக் கட்டிய கயிற்றின் நீளத்துக்குள் கிடைக்கும் புல்லைத் தின்று மறுநாளுக்குத் தேற வேண்டும் என்றால் அது நடக்காது. மேய்வதற்கு நேரம் வேண்டும். குதிரைகள் கலைந்துவிடுமோ, களவு போய்விடுமோ என்ற அச்சத்தில் படை அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை.

எண்ணிக்கையும் முக்கியம். படைவீரனுக்கு ஒரு குதிரை. சமவெளி வீரனோ பல குதிரைகளை வைத்திருந்தான். ஒன்று களைத்தால் அடுத்ததில் ஏறிக்கொள்வான்.

ஆனால் இந்த வலிமைக்கு ஒரு பருவம் இருந்தது. குளிர்காலத்தில் பனி மூடிய நிலத்தில் மட்டக்குதிரைகள் மெலிந்து எலும்பும் தோலுமாகிவிடும். ஆற்றோர காட்டன்வுட் மரங்களின் பட்டையை உரித்துப் போட்டு அவற்றைக் காப்பாற்றுவார்கள். வசந்தத்தில் புல் வரும்வரை அவற்றால் நெடுந்தூரம் ஓட முடியாது. ஜெனரல் ஷெரிடன் 1868-இல் குளிர்காலப் போரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான்: தானியம் கொண்டு வந்து ஊட்டிய படைக் குதிரை, பட்டினி கிடக்கும் மட்டக்குதிரையை எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரே பருவம் அது. அந்தத் திட்டமும் அவ்வளவு எளிதாக நடந்துவிடவில்லை. அதே பயணத்தில் சேர வந்த 19-ஆவது கான்சஸ் தன்னார்வக் குதிரைப்படை பனிப்புயலில் வழி தவறி, பெருமளவு குதிரைகளை இழந்து, எஞ்சிய காலத்தை நடந்தே கழித்தது.

அந்த ஆண்டு நவம்பர் 27 விடியலில் லெப்டினன்ட் கர்னல் கஸ்டரின் 7-ஆவது குதிரைப்படை வாஷிட்டா ஆற்றங்கரையில் கருப்புக் கெட்டில் என்ற செயென் தலைவரின் ஊரைத் தாக்கியது. மனிதர்களைக் கொன்றதோடு நிற்கவில்லை. பிடிபட்ட 800-க்கும் மேற்பட்ட குதிரைகளிலும் கழுதைகளிலும் பெரும்பாலானவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். 1874 செப்டம்பர் 28-இல் டெக்சஸின் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் கர்னல் மெக்கென்சி இதையே இன்னும் பெரிய அளவில் செய்தார். அந்தச் சண்டையில் உயிரிழந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் ஏறத்தாழ 1,400 குதிரைகள் பிடிபட்டன; சிலவற்றைத் தம் வேவு வீரர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை டூல் பள்ளத்தாக்குக்கு ஓட்டிச் சென்று சுடச் சொன்னார். குதிரையை இழந்த கோமான்சி, கயோவா மக்கள் குளிரில் நடந்தே சென்று ஃபோர்ட் சில் கோட்டையில் சரணடைந்தார்கள். படையால் ஓடிப் பிடிக்க முடியாத ஒரு மக்களை, அவர்கள் ஏறிச் செல்லும் விலங்கைக் கொன்று பிடித்தார்கள். இதை வெறும் போர்த்தந்திரமாக மட்டும் வாசித்துக் கடந்துபோக என்னால் முடியவில்லை. ஒரு சமூகத்தின் செல்வம், வேட்டை, பெயர்ச்சி, மணக்கொடை எல்லாம் அந்த மந்தையில்தான் இருந்தன.

---

மலைமருத்துவர்:

நான் கால்நடை மருத்துவர். கொடைக்கானல் மலைப்பகுதியில் பொதி சுமக்கும் மட்டக்குதிரைகளைப் பார்த்துப் பழகியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து குரூக்கின் முறையில் எனக்கு மிகவும் வியப்பூட்டும் பகுதியைச் சொல்கிறேன்: பொதிச் சேணம்.

பொதி விலங்கு ஒன்று வேலைக்கு உதவாமல் போவதற்கு முதல் காரணம் முதுகுப் புண். சுமை ஒரே இடத்தில் அழுத்தும்போது அங்கே குருதி ஓட்டம் தடைபட்டுத் தோல் செத்துப்போகிறது; முதல்நாள் மாலை சேணத்தை இறக்கியதும் உள்ளங்கை அளவு ஒரு வீக்கம் தெரியும், தொட்டால் சூடாக இருக்கும், விலங்கு முதுகை நெளிக்கும். அன்றே கவனித்து அந்த இடத்தில் அழுத்தம் படாமல் மாற்றிக் கட்டினால் தப்பித்தது. இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் தோல் உரிந்து, ஈ மொய்த்து, தோள்மேட்டில் சீழ் வைத்துவிடும். பிறகு வாரக்கணக்கில் அதன்மேல் எதையும் ஏற்ற முடியாது. முகாம்களில் நான் பார்க்கும் விலங்குகளில் பலவற்றுக்கு அந்த இடத்தில் மயிர் வெண்மையாக முளைத்திருக்கும். பழைய புண்ணின் தழும்பு அது.

குரூக் பயன்படுத்தியது ‘அபரேஹோ’ எனப்படும் மெக்சிகோ வழிப் பொதிச் சேணம். மரச்சட்டம் கொண்ட சேணத்தைப்போல அது விறைப்பானதன்று. விலங்கின் இரு பக்கமும் தொங்கும் இரண்டு பெரிய தோல் பைகள், நடுவில் முதுகெலும்பின் மேல் சுமை படாதபடி ஒரு வாய்க்கால். பைக்குள் வளையும் குச்சிகளை விலா எலும்புபோல் வரிசையாக நிறுத்தி, இடையிடையே உலர்ந்த புல்லைத் திணிப்பார்கள். எங்கே வீக்கம் தோன்றுகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் பையின் உட்புறத்தில் கையை விட்டுக் கொஞ்சம் புல்லை எடுத்துவிட்டால் அங்கே ஒரு குழி உண்டாகும். அழுத்தம் சுற்றுப்புறத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு கழுதைக்கும் அதன் முதுகின் வடிவத்துக்கேற்ப ஒரு அபரேஹோ. அது வேறு கழுதைக்குப் போகாது.

பொதி ஏற்றும்போது கழுதையின் கண்ணை ஒரு தோல் பட்டையால் மறைத்துவிடுவார்கள். கண் மறைந்ததும் அது அசையாமல் நிற்கும். இரண்டு பேர் இரு பக்கமும் நின்று, எடை சமமாகப் பிரித்த பொதிகளைத் தூக்கி வைத்து, நீளமான கயிற்றை வைர வடிவக் கண்ணி விழும்படி மேலே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவார்கள். தேர்ந்த கைகளுக்கு இது சில நிமிட வேலை. அப்படிக் கட்டினால் 250 பவுண்டு, ஏறத்தாழ 113 கிலோ, மலையிலும் ஆடாமல் போகும். வரிசையின் முன்னால் மணி கட்டிய ஒரு பெட்டைக் குதிரை நடக்கும். கழுதைகளுக்குப் பெட்டைக் குதிரைமேல் உள்ள பற்று அவ்வளவு ஆழமானது என்பதால், தலைக்கயிறு எதுவும் இல்லாமலேயே ஐம்பது கழுதைகள் அந்த மணியோசையைத் தொடர்ந்து போகும். இரவில் அவிழ்த்துவிட்டால் மணியைச் சுற்றியே மேயும். குதிரையை முளையில் கட்டியே ஆக வேண்டிய இடத்தில் கழுதை கட்டில்லாமல் இரவு முழுவதும் மேய்கிறது என்பதை ஏடகம் சொன்ன மேய்ச்சல் நேரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உடலியல் பற்றியும் ஒரு சொல். கோவேறு கழுதையின் குளம்பு குதிரையின் குளம்பைவிடக் குறுகியது, செங்குத்தானது, கடினமானது. பாறையில் நின்று பிடிக்கும். தண்ணீரையும் தானியத்தையும் அளவுக்கு மிஞ்சிக் கொள்வது அரிது. களைத்த குதிரைக்கு மிகுதியான தானியம் கிடைத்தால் வயிற்றுவலியோ குளம்பு வீக்கமோ வந்து செத்துப்போகலாம். கழுதை பிடிவாதம் பிடிப்பதாக நாம் சொல்வது பெரும்பாலும் அபாயத்தைக் கண்டு நின்றுவிடுவதுதான்.

---

நெடும்பயணி:

மருத்துவர் ஐயாவின் பதிவு அருமை. இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய வேண்டும். கழுதைகளை இவ்வளவு உயர்த்திப் பேசுகிறோம். ஆனால் 1876 ஜூன் 25-இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டர் அழிந்ததற்குப் பொதி வரிசை பின்தங்கியதும் ஒரு காரணம் அல்லவா? அவர் அனுப்பிய கடைசிச் செய்தியிலேயே, கேப்டன் பென்டீன் பொதிகளைக் கொண்டு விரைந்து வர வேண்டும் என்ற கட்டளை இருமுறை இருக்கிறது. வேகமாகச் சென்று தாக்க வேண்டிய படைக்குப் பொதி வரிசை ஒரு கால்தளைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

வடகரையான்:

நெடும்பயணி நண்பரே, நீங்கள் குறிப்பிட்ட நிகழ்ச்சியே என் தரப்புக்கு வலுவான சான்று என்று கருதுகிறேன். காரணம் சொல்கிறேன்.

கஸ்டர் 1876 ஜூன் 22-இல் ரோஸ்பட் ஓடை முகத்துவாரத்திலிருந்து புறப்பட்டபோது அவரிடம் 160-க்கும் மேற்பட்ட பொதிக் கழுதைகள் இருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வண்டி இழுத்துப் பழகியவை. முதுகில் பொதி தாங்கப் பயிற்சி பெறாதவை. அவற்றை நடத்தியவர்களில் தேர்ந்த பொதிக்காரர்கள் மிகச் சிலர்; பெரும்பாலும் கம்பெனிகளிலிருந்து எடுத்த சாதாரணப் படைவீரர்கள். முதல்நாளிலேயே பொதிகள் சரிந்து விழத் தொடங்கின. 24-ஆம் தேதி இரவுப் பயணத்தின்போது ஒரு கம்பெனியின் கழுதையிலிருந்து ரொட்டிப் பெட்டி விழுந்துவிட்டது. மறுநாள் காலை அதைத் தேடிப் போன ஒரு சார்ஜென்ட், பழங்குடியினர் சிலர் அதைத் திறந்துகொண்டிருப்பதைக் கண்டு திரும்பி வந்து சொன்னார். தாம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டோம் என்று கஸ்டர் முடிவு செய்து, மறுநாள் விடியலில் தாக்கலாம் என்ற திட்டத்தைக் கைவிட்டு அன்றே தாக்கியதற்கு அந்தச் செய்தியும் ஒரு காரணம். சரியாகக் கட்டாத ஒரு கயிற்றுக்கு வரலாற்றில் இவ்வளவு எடை உண்டு.

இன்னொன்று. பதினைந்து நாளுக்கான ரொட்டியோடு புறப்பட்ட அந்தப் படையில், ஒவ்வொரு வீரனும் தன் குதிரைக்காகக் கொண்டுபோன ஓட்ஸ் 12 பவுண்டு. நான் முதலில் எழுதிய விதிப்படி அது ஒரே ஒரு நாளைய தானியம். ஆற்றங்கரையை எட்டியபோது அந்தக் குதிரைகள் எந்த நிலையில் இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

குதிரையை விட்டு இறங்கிச் சண்டையிடும்போது நான்கு பேரில் ஒருவர் மற்ற மூவரின் குதிரைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும் என்பது படை வழக்கம். அதாவது களத்தில் இறங்கியவுடனேயே துப்பாக்கிகளில் கால் பங்கு ஓய்ந்துவிடும். ஒவ்வொரு வீரனுக்கும் கொடுத்த 100 தோட்டாக்களில் பாதியளவு சேணப் பையில் இருந்தது. எதிரிகள் போர்வையை வீசிக் கூச்சலிட்டுக் குதிரைகளைக் கலைத்துவிட்டால் தோட்டாக்களும் அவற்றோடு ஓடிவிடும். கஸ்டரின் படையின் மற்ற பிரிவுகளை நடத்திய மேஜர் ரினோவும் கேப்டன் பென்டீனும் ஒரு குன்றின் மேல் இரண்டு நாள் தாக்குப்பிடித்தது எதனால்? பொதி வரிசை அங்கே வந்து சேர்ந்ததால். தோட்டாப் பெட்டிகளைச் சுமந்த கழுதைகள் வந்த பிறகுதான் அவர்களுக்கு உயிர் வந்தது. ரொட்டிப் பெட்டிகளும் பன்றியிறைச்சி மூட்டைகளும் அவர்களுக்கு அரணாகவும் அடுக்கப்பட்டன.

பயிற்சி இல்லாத கழுதையின் மேல் ஏறுவதும் இப்படித்தான். கஸ்டர் சண்டைக்கு எட்டு நாள் முன்பு ரோஸ்பட் சண்டைக்குப் போகும்போது குரூக்கே ஏறத்தாழ 175 காலாட்படை வீரர்களைக் கழுதைகள்மேல் ஏற்றினார். சேணம் காணாத கழுதையும் கடிவாளம் பிடித்தறியாத வீரனும் சேர்ந்த முதல் நாள் பயிற்சி பெருங்குழப்பமாகவே முடிந்தது. ஆனாலும் அவர்கள் களத்தை எட்டினார்கள். இறங்கியதும் அவர்களுடைய நீண்ட துப்பாக்கி குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கியைவிட நெடுந்தூரம் எட்டியது.

---

நெடும்பயணி:

ஐயா, பயிற்சி பெற்ற பொதி வரிசைக்கும் பெறாததற்கும் உள்ள வேறுபாட்டை ஏற்கிறேன். அப்படியானால், பயிற்சி பெற்ற வரிசையை வைத்திருந்த குரூக்கின் படையே அதே ஆண்டு செப்டம்பரில் பட்டினி கிடந்து தன் குதிரைகளைத் தின்ற கதையை எப்படி விளக்குவீர்கள்?

---

ஏடகம்:

இதற்கு நான் விடை எழுதலாமா? அந்தப் பயணத்தை ‘பட்டினி நடை’ என்றும் ‘குதிரையிறைச்சி நடை’ என்றும் அழைக்கிறார்கள். குரூக் 1876 ஆகஸ்ட் 5-இல் வண்டிகள் அனைத்தையும் தளத்தில் விட்டுவிட்டு, பதினைந்து நாள் உணவைக் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு சுமார் இரண்டாயிரம் பேருடன் புறப்பட்டார். லகோட்டா மக்களின் தடம் கிழக்கு நோக்கி நீண்டுகொண்டே போனது. செப்டம்பர் 5-இல் ஹார்ட் ஆற்றின் தலைப்பகுதியை எட்டியபோது கையிலிருந்தது இரண்டு நாளுக்குரிய அரைவயிற்று உணவு. அருகிலிருந்த கோட்டைக்குத் திரும்பாமல், தெற்கே பிளாக் ஹில்ஸ் மலைக்குடியேற்றங்களை நோக்கி நடக்க முடிவு செய்தார். இடைவிடாத மழை, முழங்கால் அளவு களிமண் சேறு, விறகு கிடையாது, பல இடங்களில் புல்லும் கிடையாது.

விழுந்த குதிரைகளைப் பின்காவல் படையினர் சுட்டு, இறைச்சியை அறுத்துப் பங்கிட்டார்கள். தன்னை மாதக்கணக்கில் சுமந்த விலங்கின் இறைச்சியை அன்றிரவே தீயில் வாட்டித் தின்ன வேண்டிய நிலையில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? பல குதிரைப்படை வீரர்கள் நடந்தார்கள். அதுவரை அவர்களைப் பின்தொடர்ந்து வந்த காலாட்படையினர் இப்போது அவர்களை முந்திச் சென்றார்கள். நெடும்பயணத்தில் மனிதன் குதிரையைவிடத் தாங்குவான் என்பதை அந்தப் படையின் அதிகாரிகள் பலரும் அப்போது கண்ணால் கண்டார்கள்.

இங்கே கழுதைகளின் பங்கு என்ன? செப்டம்பர் 7-இல் குரூக், கேப்டன் ஆன்சன் மில்ஸ் தலைமையில், இருப்பதில் தேறிய குதிரைகளில் 150 பேரை ஏற்றி, தலைமைப் பொதிக்காரர் டாம் மூரையும் பொதிக் கழுதைகளையும் கூட்டி, உணவு வாங்கி வர முன்னே அனுப்பினார். வழியில்தான் அவர்கள் ஸ்லிம் பியூட்ஸ் என்ற இடத்தில் லகோட்டா ஊர் ஒன்றைக் கண்டு 9-ஆம் தேதி விடியலில் தாக்கினார்கள். அங்கே கிடைத்த உலர்ந்த இறைச்சியே படைக்கு முதல் உணவாயிற்று. 13-ஆம் தேதி குடியேற்றங்களிலிருந்து உணவு வந்து சேர்ந்தது. குதிரைகள் நூற்றுக்கணக்கில் விழுந்த அதே சேற்றில் பொதி வரிசை கடைசிவரை இயங்கியது.

ஆனால் நெடும்பயணி கேட்டதில் நியாயம் இருக்கிறது. கழுதை தன்மேல் ஏற்றியதைத்தான் கொண்டு வரும். பதினைந்து நாள் உணவை ஏற்றிவிட்டு ஐந்து வாரம் அலைந்தது குரூக்கின் தீர்மானம். அதன் விலையைக் குதிரைகள் கொடுத்தன. கணக்கும் அதையே சொல்கிறது: 250 பவுண்டு பொதி சுமக்கும் ஒரு கழுதையின் சுமை முழுவதும் தானியமாக இருந்தாலும், அது இருபது குதிரைகளுக்கு ஒரு நாளைக்குத்தான் வரும். ஆயிரம் குதிரைகளைக் கழுதை முதுகில் வைத்து ஊட்ட யாராலும் முடியாது. சிறு படைகள், அதுவும் மலைநாட்டில், என்ற எல்லைக்குள்தான் குரூக்கின் முறை சிறந்து விளங்கியது.

---

முல்லைத்திணை:

ஏடகம் ஐயா சொன்ன இந்த எல்லையை வடகரையான் ஐயாவும் ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன். தண்ணீர் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே? தீவனம் இல்லாமல் சில நாள் ஓட்டலாம். தண்ணீர் இல்லாமல் எத்தனை மணி நேரம்?

---

மலைமருத்துவர்:

அம்மா, அதற்கு 1877 ஜூலையில் டெக்சஸின் ஸ்டேக்ட் பிளெய்ன்ஸ் எனப்படும் வறண்ட மேட்டுச் சமவெளியில் நடந்தது வேதனையான விடை. கேப்டன் நிக்கோலஸ் நோலன் தலைமையில் 10-ஆவது குதிரைப்படையின் ஏ கம்பெனி, கறுப்பின வீரர்களைக் கொண்டது, காட்டெருமை வேட்டைக்காரர்கள் சிலரோடு சேர்ந்து கோமான்சிக் குழு ஒன்றைத் தேடிப் போய் வழி தவறியது. 86 மணி நேரம் தண்ணீர் இல்லை. நாக்கு வீங்கி உணவை விழுங்க முடியாத நிலையில் வீரர்கள் செத்த குதிரைகளின் குருதியைக் குடித்தார்கள், சிறுநீரையும் குடித்தார்கள். நான்கு வீரர்கள் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டன.

கோடையில் வேலை செய்யும் குதிரைக்கு நாளொன்றுக்கு நாற்பது லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டியிருக்கும். குதிரை வியர்த்து உடலைக் குளிர்விக்கும் விலங்கு. வியர்வையோடு உப்பும் போகிறது. தண்ணீர் நின்றால் குருதி தடித்து, குடல் அசைவு நின்று, இரண்டு மூன்று நாளில் சாய்ந்துவிடும். அந்தக் குருதியும் குடித்தவனுக்கு உதவாது. உப்பும் புரதமும் நிறைந்த அது தாகத்தை இன்னும் கூட்டும். கழுதை இதைவிடத் தாங்கும், ஆனால் அதுவும் தண்ணீர் இல்லாமல் வாழும் விலங்கன்று.

இதே 10-ஆவது குதிரைப்படையின் கர்னல் கிரியர்சன் 1880-இல் மேற்கு டெக்சஸில் அப்பாச்சித் தலைவர் விக்டோரியோவைத் துரத்தி ஓடுவதை விட்டுவிட்டு, அவர் வந்தே தீர வேண்டிய நீர்நிலைகளில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொண்டார். ஜூலை இறுதியில் ஒரு சுனையிலும், ஆகஸ்ட் 6-இல் ராட்டில்ஸ்நேக் ஊற்றிலும் விக்டோரியோ தடுக்கப்பட்டு மெக்சிகோவுக்குத் திரும்பினார். குதிரைகளை ஓட்டிக் கொல்லாமல் ஒரு போரை நடத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

---

நெடும்பயணி:

தண்ணீர்ப் பேச்சு வந்ததால் கேட்கிறேன்: அமெரிக்கப் படை ஒட்டகங்களையும் சோதித்துப் பார்த்ததாகப் படித்திருக்கிறேன். அது ஏன் தொடரவில்லை?

---

ஏடகம்:

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1855-இல் அதற்காக 30,000 டாலர் ஒதுக்கியது. 1856-57 ஆண்டுகளில் இரண்டு தவணையாக எழுபதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் டெக்சஸில் வந்து இறங்கின. சுமை தாங்குவதிலும் முட்செடியைத் தின்று வாழ்வதிலும் அவை கழுதைகளை வென்றன. ஆனால் ஒட்டகத்தின் வாடை பட்டாலே குதிரைகளும் கழுதைகளும் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின; பொதிக்காரர்களுக்கு அவற்றைக் கையாளத் தெரியவில்லை. உள்நாட்டுப் போர் குறுக்கிட்டது. 1866-இல் எஞ்சியவற்றை விற்றுவிட்டார்கள்.

---

வடகரையான்:

முல்லைத்திணை அம்மா, ஏடகம் வகுத்த எல்லையை முழு மனத்தோடு ஏற்கிறேன். சமவெளியில் வண்டியும் ரயிலும் இல்லாமல் பெரும்படை நகர முடியாது. மலைநாட்டைப் பற்றியே இனிச் சொல்ல எனக்கு இரண்டு செய்திகள் உண்டு.

பொதி வரிசையை இழந்தால் படை என்னவாகும் என்பதற்கு நெஸ் பெர்சே பழங்குடி மக்களோடு நடந்த போர் சான்று. 1877 ஆகஸ்ட் 20 விடியலில் ஐடஹோவின் காமஸ் மெடோஸ் என்ற இடத்தில், தங்களைத் துரத்தி வந்த ஜெனரல் ஹோவர்டின் முகாமுக்குள் அவர்கள் நுழைந்து விலங்குகளைக் கலைத்து ஓட்டினார்கள். அவர்கள் குறிவைத்தது படைக் குதிரைகளை. வெளிச்சம் வந்தபோது கையில் இருந்தவை ஏறத்தாழ 150 கோவேறு கழுதைகள். ஆனால் விளைவு அவர்கள் எண்ணியதுதான்: பொதி விலங்குகளை இழந்த ஹோவர்ட் ஹென்றி ஏரிக்கரையில் நாள்கணக்கில் நின்றுவிட, அவர்கள் யெல்லோஸ்டோனுக்குள் சென்றுவிட்டார்கள்.

இரண்டாவது, 1883 மே மாதத்தில் குரூக் மெக்சிகோவின் சியரா மாட்ரே மலைக்குள் நுழைந்தது. குதிரைப்படை என்று அவர் அழைத்துச் சென்றது ஒரே ஒரு கம்பெனி, ஐம்பது பேருக்கும் குறைவு. அப்பாச்சி வேவு வீரர்கள் 193 பேர்; அவர்கள் நடந்தார்கள். பொதிக் கழுதைகளோ 250-க்கும் மேல்! ஒரு தலைமுறைக்கு முன்பு எந்த அதிகாரியும் இப்படி ஒரு படையை அமைத்திருக்க மாட்டார். செங்குத்துப் பாதைகளில் சில கழுதைகள் கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்து இறந்தன. ஆயினும் அதுவரை எந்தப் படையும் எட்டாத அந்த மலையுச்சி முகாம்களை அவர்கள் எட்டினார்கள், அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோவும் பேச்சுவார்த்தைக்கு வந்தார். அந்த மலையின் வழிகளைக் காட்டியவர்கள் அப்பாச்சியரே என்பதை மறந்துவிடக் கூடாது. கழுதையும் அப்பாச்சி வேவு வீரரும் இல்லாமல் குரூக் ஒன்றும் செய்திருக்க முடியாது.

குரூக்கின் இடத்துக்கு 1886-இல் ஜெனரல் மைல்ஸ் வந்தபோது, அவர் அனுப்பிய கேப்டன் லாட்டனின் படை சொனோராவுக்குள் போனது. குதிரைகள் விரைவிலேயே ஓய்ந்துவிட்டன. கோடை முழுவதும் வேவு வீரர்களும் காலாட்படையினரும் நடக்க, பொதிக் கழுதைகள் மட்டும் தொடர்ந்து வந்தன. அந்த ஆண்டு செப்டம்பர் 4-இல் ஜெரோனிமோ ஸ்கெலிட்டன் பள்ளத்தாக்கில் சரணடைந்தார். அப்பாச்சியர் குதிரையைப் பார்த்த விதமே வேறு. ஏறி ஓட்டுவார்கள், அது விழுந்தால் அறுத்துத் தின்பார்கள், பாறை வந்தால் விட்டுவிட்டு நடப்பார்கள், அடுத்த பண்ணையில் வேறொன்றைப் பிடித்துக்கொள்வார்கள். குதிரையைக் காப்பாற்றிக்கொண்டே துரத்த வேண்டிய படையால் அவர்களுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை.

---

முல்லைத்திணை:

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. ஒரே ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. பணிக்காலம் முடிந்த படைக் குதிரைகளின் நிலை என்ன? கஸ்டர் சண்டையில் தப்பிய குதிரை ஒன்றைப் பாதுகாத்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்; எல்லாக் குதிரைகளையும் அப்படிப் பேணினார்களா?

---

மலைமருத்துவர்:

இல்லை, அம்மா. நீங்கள் குறிப்பிடுவது கேப்டன் கியோவின் குதிரையான கொமான்சி. பல காயங்களோடு களத்தில் கண்டெடுத்து, மருத்துவம் பார்த்துத் தேற்றினார்கள். இனி யாரும் அதன்மேல் ஏறக் கூடாது, எந்த வேலையும் வாங்கக் கூடாது என்று 1878-இல் படைப்பிரிவின் கர்னலே ஆணையிட்டார். 1891-இல் ஃபோர்ட் ரைலியில் இறந்த பிறகு பதப்படுத்தி, கான்சஸ் பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கிறார்கள்.

மற்றவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பணியில் சேரும்போது ‘யு.எஸ்.’ என்று சூட்டுக்கோல் குறியிட்ட குதிரைக்கு, உதவாது என்று ஆய்வு அதிகாரி கழித்துவிட்டால் ‘ஐ.சி.’ என்ற இரண்டாவது குறி விழும். பிறகு பொது ஏலம். வாங்கியவர்கள் உழவுக்கும் வண்டிக்கும் பூட்டினார்கள். கழுதைகளின் பணி இன்னும் நெடுங்காலம் நீண்டது. குரூக்கின் வரிசைகளில் பழகிய பொதிக்காரர்களிடமிருந்தே அமெரிக்கப் படை தன் பொதி முறையைக் கற்று, 1898-இல் கியூபாவிலும் இரண்டாம் உலகப் போரில் இத்தாலி, பர்மா மலைகளிலும் பயன்படுத்தியது. கடைசிப் பொதிப் பிரிவுகளை 1956 டிசம்பரில் கொலராடோவின் ஃபோர்ட் கார்சனில் கலைத்தார்கள்.